பொங்கல் கழிந்த காலைக் கூட்டம்

தலையில் சாந்துத் தாச்சியை வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து எடுத்துக் குனிந்து கிடந்த இடுப்புக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். கட்டட வேலைக்கு வந்த பிறகுதான் நான் நிமிர்ந்து நடந்தேன். மேல் தட்டில் நின்று பார்த்தால் மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலக் கடைத்தெரு முழுவதும் தெரியும். யாழ்ப்பாணம் போகிற பஸ் வளைவில் திரும்புவது தெரியும். ரொட்டிக் கடைக்காரர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் பீடி குடிப்பதும் தெரியும்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதடி என்றால் கேட்கமாட்டாள், புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிவிடுகிறாள். சரி, அவள் இஷ்டம்.

அது என்ன வருடம் என்று எனக்குத் தெரியாது. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். என் மூத்தவன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தோட்டத்தில் பேர் பதியவில்லை. மாமியாருடைய லயத்துக் காம்பிராவில், ஒரே அறையில் ஒண்டிக்கொண்டு, விடிந்ததும் மலையிலிருந்து இறங்கி வெளி வேலைக்குப் போவோம். மிளகும் கொக்கோவும் போட்டு வைப்பதற்காக ஒரு முதலாளி பெரிய ரோட்டின் ஓரத்தில் இரண்டு மாடி ஸ்டோர் ஒன்று கட்டினார். அங்கேதான் இரண்டு பேருக்கும் வேலை. நான் சாந்து சுமப்பேன். அவர் சாரம் கட்டுவார்.

சாரம் என்றால் இந்தக் காலத்தில் இரும்புக் குழாய். அப்போது கமுக மரத்தைத் தூணாக நட்டு, மூங்கிலைக் குறுக்கே வைத்து, தும்புக் கயிற்றால் கட்டி, மேலே பலகை போடுவார்கள். என் வீட்டுக்காரர் முடிச்சுப் போட்டால் அழகாக இருக்கும். கயிற்றைச் சுற்றி, காலை மூங்கிலில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். அந்தப் பக்கத்தில் அவரைப் போல ஆள் இல்லை என்று சொல்வார்கள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டே நிற்பார், போகமாட்டார்.

வேலைக்குப் பெரிய ஆள் ஒரு சிங்கள பாஸ். மேசன்மாரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பல்லேபொலப் பக்கத்துக்காரர். உள்ளங்கை சுண்ணாம்பில் வெந்து வெந்து பிளந்திருக்கும். முன்னே அவர் வேலை செய்த ஏதோ ஓர் இடத்தில் மேலேயிருந்து செங்கல் விழுந்து, கூட வேலை செய்தவர் அங்கேயே செத்துப்போனாராம். அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். எங்கே வேலை எடுத்தாலும், காலையில் ஒருவரும் சாரத்தில் கால் வைப்பதற்கு முன்னால், எல்லோரையும் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேட்பார்.

"பிழை ஏதும் இருக்கா? யாருக்கும் பயம் இருக்கா? சொல்லுங்க."

ஆம்பிளைகள் முன்னால் நிற்பார்கள். நாங்கள் எட்டுப் பொம்பிளைகள் பின்னால் நிற்போம். அவர் கேட்கும்போது முன்வரிசையைப் பார்த்துத்தான் கேட்பார். முன்வரிசை "இல்லீங்க பாஸ்" என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ கொடுப்பார்கள். கூட்டம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சூடாகத் தேத்தண்ணி கிடைக்கும். இதில் யார் பிழை சொல்லப் போகிறார்கள்?

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். எங்கள் லயத்தில் இரண்டு காம்பிரா தள்ளி இருந்தவள். என்னைவிட இரண்டு வயது மூப்பு. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. தாச்சியைத் தலையில் வைத்தால் கையால் பிடிக்கவேமாட்டாள், இரண்டு கையையும் வீசிக்கொண்டு மூங்கில் ஏணியில் ஏறுவாள். காலைக் கூட்டம் முடிந்ததும் என் காதில் சொல்வாள்:

"பூச முடிஞ்சிருச்சுடி. சாமிக்குத் தேத்தண்ணி படைங்க."

நான் சிரித்தால் பாஸ் திரும்பிப் பார்ப்பார். அவள் மட்டும் முகத்தைக் கோயில் கல் மாதிரி வைத்துக்கொண்டு நிற்பாள்.

எனக்குக் கரிநாக்கு என்று ஒரு பேர் இருந்தது. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த புதுசில், லயத்துக்கு மேலே நின்ற பெரிய வாகை மரத்தைப் பார்த்து, "இது ஒரு நாளைக்கி மாட்டுக் கொட்டில் மேல விழுந்துரும்" என்று சொல்லிவிட்டேன். கண் இருக்கிற யாரும் சொல்லக்கூடியதுதான், மரம் அப்படிச் சாய்ந்து நின்றது. அதே வாரம் காற்றில் அது விழுந்தது. மாமியாருடைய சினை மாடு அதற்கு அடியில் கிடந்தது. மரத்தை யாரும் குறை சொல்லவில்லை. என் நாக்கைத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் பிள்ளைகளைப் பார்த்து "பாத்து ஓடு, விழுந்துருவ" என்று சொன்னால்கூட தாய்மார் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நானும் வாயை அடக்கப் பழகிக்கொண்டேன். ஆட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். விழும், உடையும், அறும் என்ற சொல் வரும்போது விழுங்கிவிடுவேன்.

அந்த மார்கழி முழுக்க மழை. மேல் மாடிச் சுவருக்கு என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே சாரம் கட்டினார். கயிறு ஊறி, முடிச்சுகள் கல் மாதிரி இறுகியிருந்தன. பாஸ் வந்து தட்டிப் பார்த்து, "ஹரி ஹரி" என்று, சரி சரி என்கிற மாதிரி, தலையாட்டினார். பிறகு பொங்கல் வந்தது. இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளும், வராத வெயில் வந்தது. லயத்து வாசலில் கோலம் போட்டு முடிப்பதற்குள் முதுகு எரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஈரத் துணியெல்லாம் வேலியில் காய்ந்தது.

துணி காய்ந்தால் கயிறும் காயும். மழையில் கட்டிய தும்புக் கயிறு காய்ந்தால் தளரும். அதை ஒருவரும் நினைக்கவில்லை. நாங்கள் பால் பொங்கியது எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் விடிய வேலைக்கு இறங்கினோம். எங்கள் தாச்சிகள் மேல் தட்டில் கிடந்தன, லீவுக்கு முன்னால் அவசரத்தில் விட்டுவிட்டுப் போனவை. கூட்டத்துக்கு முன்னால் ஏறக்கூடாது என்பது சட்டம். ஆனால் பாஸ் அப்போது வந்திருக்கவில்லை. நான் ஏறி என்னுடையதை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பலகை ஓர் ஆட்டம் ஆடியது. முடிச்சில் கை வைத்தேன். என் சுண்டு விரல் உள்ளே போனது. நான் இறங்கி வந்தேன். எனக்குப் பின்னால் கூட்டாளி ஏறித் தன்னுடையதை எடுத்து வந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரிடம் போனேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பேத்தி இங்கே நிறுத்துகிறாள், எந்தச் சாரம் என்று கேட்கிறாள். இடுப்பில் கட்டுகிற சாரம்தான், வேறென்ன.

"என்னாங்க, மேல கயிறு நொளநொளன்னு இருக்குங்க. வெரல் போவுது."

"எந்தக் கயிறு?"

"ரோட்டுப் பக்கத்து மூலைங்க."

"சரி, தேத்தண்ணி குடிச்சிட்டு இறுக்குறேன். நீ கூட்டத்துல வாயத் தொறந்துறாத. தை பொறந்து மொத நாள் வேல. ஒன் வாயில அது விழும் இது அறும்னு வந்துச்சுன்னா வருசம் பூரா வெளங்காது."

அவர் சொன்னது அது. அவர் சொல்லாதது எனக்குத் தெரியும். முந்தின மாதம்தான் முதலாளி, இந்த வேலை முடிந்ததும் உக்குவளையில் ஆரம்பிக்கப் போகிற வேறு வேலைக்கும் அவரையே கூப்பிடப் போவதாகச் சொல்லியிருந்தார். அவர் கட்டிய முடிச்சை, அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால், அவருடைய பெண்சாதியே பிழை என்று சொல்வதா? அதுவும் கரிநாக்கு?

பாஸ் வந்தார். எங்களுக்காக நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தார், யாரோ கொடுத்திருப்பார்கள். பொங்கல் நல்லா நடந்துச்சா என்று கேட்டார். முன்வரிசை சிரித்தது. பிறகு வழக்கம் போல:

"பிழை ஏதும் இருக்கா? பயம் இருக்கா?"

அன்றைக்கு என் நாக்கு வாய்க்குள் புரண்டது எனக்கு இன்றைக்கும் தெரியும். நான் என் கூட்டாளியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற பொம்பிளைகளும் அப்படியே நின்றார்கள்.

"இல்லீங்க பாஸ்."

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பாஸ் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பின்பக்கத்துக்கு மூங்கில் வெட்டச் சொன்னார். அவர் போய்விட்டார். பிறகு இறுக்கலாம் என்று நினைத்திருப்பார். நான் அந்த மூலைக்குப் போகாமல் மறுபக்கத்து ஏணியில் ஏறி இறங்கினேன். பாருங்கள், எனக்காக மட்டும் நான் வழியை மாற்றிக்கொண்டேன். இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இப்போது பேத்தி எழுதிவிட்டாள்.

பத்து மணி இருக்கும். நான் கீழே குனிந்து சாந்து அள்ளிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு சத்தம் கேட்டது, பெரிய சத்தம்கூட இல்லை, தேங்காய் மட்டை உரிக்கிற மாதிரி. நிமிர்ந்தேன். ரோட்டுப் பக்கத்து மூலையில் பலகை ஒரு தலைப்பில் தொங்கியது. கூட்டாளி கீழே செங்கல் அடுக்கின் மேல் மல்லாந்து கிடந்தாள். சாந்து அவள் முகத்தில் கொட்டியிருந்தது. நான் என் சேலைத் தலைப்பால் அவள் கண்ணையும் மூக்கையும் துடைத்தேன்.

"என் கால் எங்கடி கெடக்கு?" என்று கேட்டாள்.

கால் இரண்டும் அவளுக்கு நேரேதான் இருந்தன. அவளுக்குத்தான் தெரியவில்லை.

முதலாளி தன்னுடைய லொறியிலேயே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பலகையைக் கழற்றி அதில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். வழியெல்லாம் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே அவரே லொறியை ஓட்டினார் என்று கூடப் போன ஆள் சொன்னார். முதுகெலும்பு போய்விட்டது என்றார்கள். உயிருக்குப் பயமில்லை என்றும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தோடம்பழம் கொண்டுபோனேன். அவள் கட்டிலில் அசையாமல் படுத்துக்கொண்டு, வார்டில் இருந்த மற்ற பொம்பிளைகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். யார் குறட்டை விடுகிறார்கள், யாருடைய புருஷன் வரவில்லை, எல்லாம். நான் சிரிக்க நினைத்து அழுதுவிட்டேன்.

"என்னாடி இப்ப?"

"அக்கா, எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்கி காலையில கயிறு தளர்ந்து கெடந்துச்சு. நான் பாத்தேன். சொல்லாம இருந்துட்டேன்."

அவள் சீலிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு மட்டும் தெரியாதா? தாச்சி எடுக்கப் போனப்ப என் காலுக்குக் கீழயும் ஆடுச்சு."

"பொறகு ஏங்க்கா சொல்லல?"

"ஒன் புருசன் கட்டுன சாரம்டி. நான் சொல்லி அந்தாளுக்கு உக்குவள வேல போயிருச்சுன்னா ஒன் மூஞ்சில எப்புடி முழிக்கிறது? காம்பிராவுக்குக் காம்பிரா ரெண்டு தானே தூரம்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தோடம்பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையாக அவள் வாயில் வைத்துவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம். பாஸ் கேட்கவே இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் ஒவ்வொரு நாளும் கேட்டது. நீங்க ஒவ்வொரு நாளும் இல்ல சொன்னது. இனி நான் என்ன கேக்குறது?" என்றார். அவருடைய தமிழ் அவ்வளவுதான், ஆனால் எல்லோருக்கும் விளங்கியது.

நான் பின்வரிசையிலிருந்து முன்னால் போனேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

"பாஸ் ஐயா, அந்தக் கயிறு தளர்ந்திருந்தது எனக்கு முன்னுக்கே தெரியும். என் வெரல் உள்ள போச்சு. சொல்லல."

பாஸ் என்னைத் திட்டவில்லை. மற்ற பொம்பிளைகளைப் பார்த்து, "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். பிறகு ஒருத்தி கையைத் தூக்கினாள். பிறகு இன்னொருத்தி. என்னோடு சேர்த்து, அன்றைக்கு அந்தப் பக்கம் ஏறிய ஐந்து பேருக்கும் தெரிந்திருந்தது. ஐந்து பேரும் முதல் நாள் வேலையில் அபசகுன வார்த்தை சொல்லக்கூடாது என்று இருந்திருக்கிறோம். பாஸுக்கு இதை விளக்கிச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்தது. அவர் கேட்டுவிட்டு மணல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு மலை ஏறிப் போனார். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வீட்டில் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மாமியார் அடுப்படியில் நின்று, "சினை மாட்டத் தின்ன நாக்கு, இப்ப புருசன் சோத்தையும் தின்னுருச்சு" என்றார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உக்குவளை வேலை வேறு ஆளுக்குப் போனது. கூட்டாளி பயந்த மாதிரியேதான் நடந்தது.

நாலாம் நாள் பாஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இவர் போனார். அதற்குள் கூட்டம் மாறியிருந்தது. பாஸ் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். ஏறுகிற பொம்பிளைகள் முன்னால் நிற்க வேண்டும், ஒரு நாளைக்கு நூறு தடவை சாரத்தில் ஏறுகிறவர்கள் அவர்கள்தான் என்றார். தேத்தண்ணியை முதலில் கொடுத்தார். குடித்துக்கொண்டே ஒவ்வொருத்தியும் நேற்று எங்கே கால் வைத்தாள், அது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நல்லா இருந்துச்சு என்றால் எந்த இடம் நல்லா இருந்தது என்று சொல்ல வேண்டும். சாரம் கட்டினவர் அது முடியும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. சொன்னதற்காக யாரையும் நிறுத்தமாட்டேன், சொல்லாமல் விட்டால் நிறுத்துவேன் என்றார். முதலில் என்னைச் சொல்லச் சொன்னார். பொம்பிளைகள் பதறினார்கள்.

"ஐயோ பாஸ் ஐயா, அவள மொதல்ல வேணாம். அவளுக்குக் கரிநாக்குங்க."

பாஸுக்கு அது விளங்கவில்லை. விளக்கினார்கள். தங்கச்சி என்பதை அவர் நங்கி என்பார்.

"நாக்கு என்ன நிறமும் பரவாயில்ல நங்கி. கயிறு இறுக்கம் வேணும்."

முதலில் கூச்சமாக இருந்தது. ஒருத்தி ஏணியின் மூன்றாம் படி வழுக்குகிறது என்றாள். ஒருத்தி, மேலேயிருந்து கல்லை எறிகிறவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு எறியட்டும் என்றாள். அந்த மேசன் முறைத்தார், ஆனால் மறுநாள் முதல் "கல்லு, கல்லு" என்று காட்டுக் கத்தல் கத்தினார். மழைக்குப் பிறகு வெயில் வந்தால் எல்லா முடிச்சையும் மறுபடி இறுக்கிவிட்டுத்தான் ஏறுவது என்று அந்தக் கூட்டத்தில்தான் முடிவானது. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கூட்டம் முடிந்ததும், சொன்ன இடத்துக்கு நேராகப் போவார். சித்திரை மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், என் முறை வந்தபோது நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் பின்னாலிருந்து கேட்டார்:

"இந்தா, நேத்து எங்கிட்டு ஆடுச்சு?"

நாலு பேர் முன்னால் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. வாய் திறக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறிவிட்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் இடத்தைச் சொன்னேன். அந்தக் கயிற்றைப் பற்றி அவர் என்னிடம் சாகும் வரைக்கும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கூட்டாளியை மாசி கடைசியிலேயே லயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாசலுக்கு நேரே ஒரு சாக்குக் கட்டிலில் படுத்திருப்பாள். நான் வேலை விட்டு வரும்போது, முகம் கழுவக்கூட விடமாட்டாள்.

"இன்னைக்கி பூசையில யாரு என்னா சொன்னா?"

நான் எல்லாம் சொல்வேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு பலகையும் அவளுக்குத் தெரியும். "தண்ணித் தொட்டிக்கு மேல இருக்குற பலகைக்கு முட்டுக் குடுத்தானா? கேளு நாளைக்கி" என்பாள். நான் மறுநாள் காலையில், அவள் சொன்னாள் என்றே சொல்வேன். பாஸ் போய்ப் பார்ப்பார். இரண்டு தடவை அவள் சொன்னது சரியாக இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் மலை ஏறும்போது ஓடியே ஏறினேன், அவளிடம் சொல்ல.

அந்தக் கட்டடத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் விழவில்லை. ஆவணி மாதம் வேலை முடிந்தது. சாரத்தையெல்லாம் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, மூங்கிலை லொறியில் ஏற்றினார்கள். முதலாளி எல்லோருக்கும் புரியாணி கொடுத்தார். நான் அவளுக்கும் வாழை இலையில் கட்டிக்கொண்டு போனேன். அவள் சாப்பிடவில்லை.

"ஒருத்தரும் விழலல்ல?"

"இல்லக்கா. எல்லாம் அவுத்தாச்சு."

"அப்ப நாளைக்கி என்கிட்ட வந்து என்னாத்தடி சொல்லுவ?"

பொட்டலத்தை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். அது அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.